மூன்று கல்லுக்கு ஒரு ஃபியூஸ்

புதிதாகக் கருவிப்பை தூக்கியிருக்கும் தோழர்களே,

திங்கட்கிழமை முதல் நான் வாஷியிலுள்ள பயிற்சிக்கூடத்துக்குக் கற்பிக்கப் போகிறேன். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்று இதுவரை என் கைப்பேசியில் ஒலித்த அழைப்புகள் இனி உங்கள் கைப்பேசிகளில் ஒலிக்கும். எனக்கு வயது முப்பத்தொன்று. ஓய்வுபெறுகிறவருக்குரிய நரையோ நடுக்கமோ என்னிடம் இல்லை. ஆயினும், ஏணியிலிருந்து இறங்குகிறவர் ஏறவிருப்பவரின் காதில் ஒரு சொல் போட்டுவிட்டு இறங்குவதே முறை என்று நம்புகிறேன்.

பாடத்தில் நீங்கள் படித்ததை நான் திருப்பிச் சொல்லப்போவதில்லை. ஆம்பியர் கணக்கு உங்களுக்குத் தெரியும். எந்தத் தடிமனுள்ள கம்பி எவ்வளவு மின்னோட்டம் தாங்கும் என்ற அட்டவணை உங்கள் சட்டைப்பையிலேயே இருக்கிறது. அந்த அட்டவணை பையில் இருந்தும் தவறான ஃபியூஸைத் தேர்ந்தெடுத்த ஒருத்தியைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். அந்த ஒருத்தி நானே.

என்னைப் பற்றி இரண்டு சொல் சொல்லியாக வேண்டும். ஏனெனில், அந்தத் தவறு என் அறியாமையில் பிறக்கவில்லை. என் பெருமையில் பிறந்தது. பள்ளி நாள் தொட்டு நான் மேடைப் பேச்சாளர். செம்பூரில் எங்கள் சமையலறை அலமாரியில் டப்பாக்களைவிட வெற்றிக்கோப்பைகள் மிகுதி. என் அம்மா ஒன்றில் கடுகும் ஒன்றில் மிளகாய்ப்பொடியும் போட்டுவைத்திருந்தார். எந்த அணியில் என்னை உட்காரவைத்தாலும் பேசுவேன். காலையில் ‘ஆம்’ என்று பரிசு வாங்கிய தலைப்பில் மாலையில் ‘இல்லை’ என்றும் பரிசு வாங்கியிருக்கிறேன்.

மின்பணிக்கு வந்தபோது அந்தப் பழக்கமே எனக்குக் கேடயமாயிற்று. டெஸ்டரோடு ஒரு பெண் வாசலில் வந்து நின்றால் எதிர்ப்படும் முதல் கேள்வி என்ன என்பது, உங்களில் இருக்கும் பெண்களுக்கு இந்த மாதத்துக்குள் தெரிந்துவிடும். ‘மிஸ்திரி எப்போ வருவார்?’ நானே அந்த மின்பணி மிஸ்திரி என்பதை மெய்ப்பிக்க, அடுத்தவர் இரண்டு சொல் பேசினால் நான் இருபது பேசக் கற்றேன். வாதத்தில் வென்ற பிறகே பையைத் திறப்பேன். அந்தக் கேடயம் எனக்கு வேலை வாங்கித் தந்தது; அதை மறுக்கமாட்டேன். ஒரு வீட்டைக் கொளுத்தவும் பார்த்தது, அதையும் மறைக்கமாட்டேன்.

பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, மே மாதம். தாராவியில் செல்வக்கனி அக்காவின் மாவுக்கடையிலிருந்து அழைப்பு வந்தது. விடிந்ததும் தலையில் பாத்திரத்தோடு நகரெங்கும் இட்லி விற்கப் புறப்படுகிறார்களே, அவர்களில் பன்னிரண்டு பேருக்கு மாவு அந்தக் கடையிலிருந்துதான் போயிற்று. பிற்பகல் நான்கு மணிக்கு அரைக்கத் தொடங்கினால்தான் இரவு புளித்து விடியலுக்குள் இட்லியாகும். ஒரு நாள் அரைப்பு நின்றால் மறுநாள் பன்னிரண்டு குடும்பங்களுக்குத் தொழில் இல்லை.

அங்கே கிரைண்டரைக் கிரைண்டர் என்று எவரும் சொல்வதில்லை, கல் என்பார்கள். மூன்று கல். ஒன்று அக்காவுடையது, இன்னொன்று அவருடைய நாத்தனாருடையது, மற்றொன்று ஓரகத்தியுடையது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஒரே குடும்பத்தின் இரண்டு மருமகள்களும் ஒரு மகளும் கூடித் தொடங்கிய கடை அது. கடைக்கு மேல் ஓர் அறை. அங்கே இஸ்திரி போடும் இசக்கிமுத்து அண்ணன், மனைவியோடும் இரண்டு பெண்குழந்தைகளோடும் குடியிருந்தார். அவர் மேலே ஏறும் இரும்பு ஏணிக்கும் கடைக்கும் நடுவில் இரட்டைப் பிளைவுட் தடுப்பு ஒன்று இருந்தது. அதை எல்லோரும் சுவர் என்றே சொன்னார்கள். கீழ்க்கடைக்கும் மேலறைக்குமான மின்கம்பி அந்தப் பலகைகளின் இடையில்தான் ஓடியது. இரண்டு இடத்துக்கும் கம்பி ஒன்று, ஃபியூஸ் ஒன்று.

குறை இதுதான்: நாள்தோறும் அரைப்புத் தொடங்கும் வேளையில் ஃபியூஸ் போய்விடுகிறது. நாத்தனார் பழைய கம்பித் துண்டொன்றைச் சுற்றி மாட்டுவார்; இரண்டாம் முறையோ மூன்றாம் முறையோ தாங்கி நிற்கும். ‘தினம் இதே ரோதனை’ என்று ஓரகத்தி சலித்துக்கொண்டார்.

நான் ஃபியூஸ் கம்பி சுற்றியிருந்த பீங்கான் கட்டையைப் பிடுங்கிப் பார்த்தேன். கல் ஒவ்வொன்றின் மோட்டார் அளவையும் பார்த்தேன். மோட்டார் புறப்படும் கணத்தில், ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்து மடங்கு இழுக்கும் என்ற பாடம் நினைவுக்கு வந்தது. ஆகவே இப்போதுள்ள பதினைந்து ஆம்பியர் ஃபியூஸ் கம்பி போதாது, முப்பது ஆம்பியர் கட்டினால் நோய் தீரும் என்று அந்த இடத்திலேயே தீர்ப்பெழுதினேன். மோட்டாரைப் பார்த்தேனே தவிர, பலகைக்குள் ஓடும் கம்பியைப் பார்க்கவில்லை. பலகையைக் கழற்றினால் அரைநாள் போகும் என்று எனக்கு நானே ஒரு வாதமும் சொல்லிக்கொண்டேன்.

செல்வக்கனி அக்கா தயங்கினார். முன்பு வந்த ஒருவர் தடித்த ஃபியூஸ் கம்பி கூடவே கூடாது என்று எச்சரித்துவிட்டுப் போனாராம். ஏன் என்று அவர் சொல்லவில்லையாம். பழைய அளவிலேயே கட்டித் தந்துவிடும்படி அக்கா கேட்டார்.

ஏன் என்று சொல்லத் தெரியாத ஒருவரை வெல்வதைவிட எளிய வெற்றி உலகில் உண்டா? மூன்று பெண்களும் இசக்கிமுத்து அண்ணனும் கேட்டுக்கொண்டிருக்க, நான் ஏணியின் இரண்டாம் படியில் நின்று பேசினேன். மோட்டாரின் தாகத்தை விளக்கினேன். நின்றுபோன கல்லில் கெட்டுப்போகும் உளுந்துக்காக இரங்கினேன். முடிவாக, இன்றைக்கும் நினைத்தால் என் முகம் சிவக்கும் ஓர் உவமையை எடுத்துவிட்டேன்:

“திருடனைப் பார்த்துக் குரைத்தால் அது காவல் நாய். தினமும் வீட்டுக்காரரைப் பார்த்தே குரைக்கிற நாய் எதுக்கு அக்கா?”

அண்ணன் சிரித்தேவிட்டார். நாத்தனார், ‘புள்ள நல்லாப் பேசுது மைனி’ என்றார். முப்பது ஆம்பியர் கம்பி கட்டப்பட்டது. மூன்று கல்லும் முதல் முயற்சியிலேயே சுழன்றன. நான் கைதட்டல் வாங்கியவளின் நடையோடு சந்திலிருந்து வெளியே வந்தேன்.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாட்டுங்காவில் ஒரு மன்றத்தின் அரங்கில் இறுதிச் சுற்று. ‘வாழ்வை உயர்த்துவது துணிவா, நிதானமா?’ என்பது தலைப்பு. நான் துணிவு அணியின் நிறைவுப் பேச்சாளர். மூன்றாண்டுகளாக நான் காத்திருந்த மேடை அது. பட்டுப் புடவையும் மல்லிகையுமாக அரங்கின் வாசலில் நின்று குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அழைத்தது.

“பிள்ள, நான் மாவுக்கடை செல்வக்கனி. சுவரு சுடுது.”

கற்களின் இரைச்சலுக்கு மேலாக அவர் குரல் வந்தது. நான் குறிப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே விடை சொன்னேன். மே மாத வெயில், தகரக் கூரை, மூன்று மோட்டார் ஓடும் அடைத்த அறை; இவை போதாவா ஒரு சுவர் சுடுவதற்கு? வெயில் இறங்கியதும் தானே ஆறிவிடும், கவலை வேண்டாம் என்றேன். சான்று, விளக்கம், முடிவு எல்லாம் ஒழுங்காக அமைந்தன. அக்கா முழுக்கக் கேட்டார்.

“நீ சொல்லுதது எல்லாம் சரியாத்தான் இருக்கு தாயி,” என்றார். “ஆனா சுவரு சுடுதே.”

சொல்லிவிட்டு வைத்துவிட்டார். உள்ளே அழைத்தார்கள், போய் மேடையில் அமர்ந்தேன். எதிரணியின் முதல் பேச்சாளர் நிதானத்தின் பெருமையை எடுத்துரைத்துக்கொண்டிருந்தார். அவருடைய வாதத்தில் ஓட்டை தேடிக் குறிப்பெழுத வேண்டிய என் பேனா, தாளில் ஒரு சதுரம் வரைந்தது. அது மாவுக்கடை. வாசல் எந்தப் பக்கம், ஏணி எந்தப் பக்கம், வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று வரைந்துகொண்டே போனேன். கை நின்றது.

அந்தப் பலகைச் சுவர் கடைக்கும் ஏணிக்கும் நடுவில் இருக்கிறது. அதன்மேல் வெயில் விழ வழியே இல்லை.

என் விளக்கம் முழுவதும் சரியாக இருந்தது. அங்கே இல்லாத ஒரு சுவருக்கு.

நான் எழுந்தேன். பக்கத்தில் இருந்த அணித்தலைவர் என் புடவை முந்தானையைப் பற்றினார். ‘எங்கடி எழுந்துட்ட? நாலு பேருக்கு அப்புறம் நீதான்’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். வயர் சுடுகிறது என்று மட்டும் சொன்னதாக நினைவு. அரங்கிலிருந்து பேசாமல் வெளியேறியது என் வாழ்வில் அதுவே முதல் தடவை.

வாடகைக் காரில் ஏறியதும் அக்காவை அழைத்தேன். எடுக்கவில்லை. மீண்டும் அழைத்தேன். மூன்று கல் சுற்றும் அறையில் கைப்பேசி ஒலிப்பது எவர் காதில் விழும்? சயான் சந்திப்பில் வண்டி அசையாமல் நின்றது. அந்தக் கால்மணி நேரத்தில் நான் கண்ணுக்குள் பார்த்தவற்றை எழுதமாட்டேன். பலகைக்கு அந்தப் பக்கம், ஏணியின் அடியில், இசக்கிமுத்து அண்ணன் துணி மூட்டைகளை அடுக்கிவைப்பார் என்பதும், மேலறைக்கு அந்த ஏணியைத் தவிர வேறு வழி இல்லை என்பதும் நினைவில் இருந்தன என்று சொன்னால் போதும்.

தொண்ணூறடிச் சாலையில் இறங்கி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சந்துக்குள் ஓடினேன். கடைக்குள் நுழைந்ததும் முதலில் மூக்குக்குத் தெரிந்தது: சூடான பிளாஸ்டிக்கின் நெடி, உளுந்து வாசத்தோடு கலந்து. சுவரில் உள்ளங்கையை வைத்தேன். வைத்த கையை எடுத்துவிட்டேன். மெயினை அணைத்தேன். மூன்று கல்லும் முனகி நின்றன. ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டேன்.

அந்த நிசப்தத்தில்தான் உண்மையான இறுதிச் சுற்று தொடங்கியது.

மூன்று கல்லிலும் பாதி அரைத்த மாவு. இன்னும் நான்கு வாளி அரிசி ஊறிக்கொண்டிருந்தது. மறுநாள் திங்கட்கிழமை, வாரத்திலேயே மிகுதியாக இட்லி விற்கும் நாள். நாத்தனார் தலையில் கைவைத்தார். இன்னும் இரண்டு மணி நேரம் மட்டும் ஓடட்டும், அரைத்து முடித்ததும் எதை வேண்டுமானாலும் கழற்றிக்கொள் என்று ஓரகத்தி மன்றாடினார். பத்து நாள் ஓடியது இரண்டு மணி நேரம் ஓடாதா என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்வி. நானும் அந்த அணியில் இருந்திருந்தால் அதையே கேட்டிருப்பேன்.

மேலே மின்விசிறி நின்றதும் இசக்கிமுத்து அண்ணன் இறங்கி வந்தார். கையில் இஸ்திரிப்பெட்டி சூடாகவே இருந்தது.

“என்ன மேடம், காலிபீலி சும்மா எல்லாரையும் பயமுறுத்துதிய? இந்த பீஸு போகவே போகாதுன்னு நீங்கதான சொன்னிய. வீட்டுக்காரரப் பாத்துக் குலைக்கிற நாயி எதுக்குன்னு நீங்கதான கேட்டிய?”

தோழர்களே, மேடையில் எதிரணியின் வாதத்தை உடைத்திருக்கிறேன். என் வாதமே என்னைப் பார்த்து நடந்து வந்து எதிரே நின்றது அன்றுதான். அதை உடைக்க என்னிடம் வாதங்கள் இருந்தன. ‘அன்றைய நிலை வேறு, இன்றைய நிலை வேறு’ என்று தொடங்கியிருக்கலாம். ‘மேலறையில் இஸ்திரி போடுவதை நீங்கள் சொல்லவில்லையே’ என்று பழியைத் திருப்பியிருக்கலாம். இரண்டும் நாக்கின் நுனி வரை வந்தன. நான் கையிலிருந்த கட்டையைப் பார்த்தேன். அதிலிருந்த முப்பது ஆம்பியர் கம்பி சிறிதும் நிறம் மாறாமல் பளபளத்தது.

“நாய் சரியாத்தான் குரைச்சுது அண்ணே,” என்றேன். “நான்தான் அதோட வாயைக் கட்டிட்டேன். தப்பு என்மேல.”

எவரும் திட்டவில்லை. செல்வக்கனி அக்கா ஒரு ஸ்டூலை இழுத்து ஏணியின் அருகே போட்டார். “பலகையக் கழத்து பிள்ள. பாப்போம்,” என்றார். அவ்வளவுதான்.

என்னிடம் கருவி இல்லை. கைப்பையில் இருந்தது ஒரு டெஸ்டர். பக்கத்துத் தோல்பைப் பட்டறையிலிருந்து திருப்புளியும் கட்டிங் பிளேயரும் கடனாக வந்தன. நான்கு திருகாணிகளைக் கழற்றி, மேற்பலகையை இழுத்தோம்.

கம்பியின் மேலுறை நெடுக வெளிறி, ஓரிடத்தில் பழுத்து உருகியிருந்தது. அந்த இடத்தில் யாரோ எப்போதோ இரண்டு துண்டுகளை முறுக்கி டேப் சுற்றி இணைத்திருந்தார்கள். இணைத்த துண்டு பழைய கம்பியைவிட மெல்லியது. அதன் பின்னால் பிளைவுட்டில் உள்ளங்கையளவுக்குக் கருகல். கருகலின் மறுபக்கத்தில், விரல்கடை தூரத்தில், துணி மூட்டை. அண்ணன் இஸ்திரிப்பெட்டியைத் தரையில் வைத்தார். நிமிர்ந்து, மேலே அறை வாசலில் உட்கார்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு மகள்களையும் பார்த்தார். “எறங்கி வாங்கட்டி,” என்றார்.

பிறகு அவரே சொன்னார். முன்பெல்லாம் கல் ஓடும் நேரத்தில் பெட்டியைச் செருகினால் ஃபியூஸ் போய்விடும். அதனால் நான்கு மணிக்கு மேல் துணி மடித்துக்கொண்டு சும்மா இருப்பாராம். இப்போதுதான் ஃபியூஸ் போவதில்லையே என்று பத்து நாளாக அந்த நேரத்திலும் தேய்த்துக்கொண்டிருந்தாராம். எவர் எவ்வளவு எடுக்கலாம் என்று அந்தக் கடையில் ஒரு சண்டையும் இல்லாமல் வரம்பு கட்டிவைத்திருந்தது அந்த மெல்லிய ஃபியூஸ் கம்பி. நான் அதை எடுத்துவிட்டேன், வரம்பும் போயிற்று.

ஃபியூஸ் காவல் காப்பது மோட்டாரை அல்ல, கம்பியை. இந்த ஒரு வரியை நீங்கள் தேர்வில் எழுதியிருப்பீர்கள். நானும் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள்தான். கல் இழுப்பதற்குச் சற்று மேலே, கம்பி தாங்குவதற்குக் கீழே: ஃபியூஸின் இடம் அந்த இடைவெளி. கம்பியைப் பாராமல் ஃபியூஸைத் தேர்ந்தவர், தாங்குகிறவரைக் கேளாமல் சுமையை நிர்ணயித்தவர்.

கதைக்கு வருகிறேன். புதுக்கம்பி வாங்கிவர இசக்கிமுத்து அண்ணனே ஓடினார். கற்களுக்கென்று தனியாக, இணைப்பு ஏதும் இல்லாத ஒரே நீளக் கம்பியை மெயின் பலகையிலிருந்து இழுத்தேன். சற்று முன் என்னை மடக்கியவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு, ‘பாத்து மேடம், பட்டுச் சேல’ என்று மூன்று முறை எச்சரித்தார். கம்பியைப் பலகைக்குள் செருகாமல் வெளியே தெரியும்படி கிளிப் அடித்தேன். பார்க்க அழகாக இராது என்று அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

“அழகு எதுக்கு?” என்றார் அக்கா. “சுட்டா தெரியணும்லா.”

பழைய கம்பியின் கருகிய பகுதியை வெட்டி எறிந்து, மீதியை இறுக்கி இணைத்து, மேலறைக்கு அன்றைக்கு ஒரு விளக்கும் விசிறியும் மட்டும் இயங்கும்படி மெல்லிய ஃபியூஸோடு விட்டேன். இஸ்திரிக்குத் தனிக்கம்பி மறுநாள் என்று அண்ணன் தாமாகவே ஒப்புக்கொண்டார்.

கற்களுக்குப் பதினைந்து ஆம்பியர் கம்பியைச் சுற்றும்போதுதான், பத்து நாள் முன்பு கேட்டிருக்க வேண்டிய கேள்வி எனக்குத் தோன்றியது. பதினைந்து போதுமென்றால், அது ஏன் நாள்தோறும் போயிற்று? எப்போது போகும் என்று அக்காவிடம் கேட்டேன். ஓடிக்கொண்டிருக்கும்போதா, தொடங்கும்போதா?

தொடங்கும்போதுதான் என்றார். சூடம் காட்டி, மூன்று கல்லுக்கும் பூ வைத்து, அரிசியையும் உளுந்தையும் போட்டு, மூன்றின் சுவிட்சையும் முன்னதாகவே போட்டுவிட்டு, மெயினை ஒரே வீச்சில் மேலே தள்ளுவார்களாம். மூன்றும் சேர்ந்து சுற்ற வேண்டும். தனித்தனியாகப் போட்டால் ஆகாதா என்று கேட்டேன். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கடை தொடங்கிய நாளிலேயே யார் கல் முதலில் சுற்றுவது என்று பேச்சு வந்ததாம். மூத்த மருமகள் என்பதால் செல்வக்கனி அக்காவுடையதா? பிறந்த வீட்டு மகள் என்பதால் நாத்தனாருடையதா? நகையை விற்றுப் பெரும் பங்கு போட்ட ஓரகத்தியுடையதா? கடையே உடையும் நிலை. அப்போது அவர்களே கண்டுபிடித்த வழி இது: ஒருவரும் முந்த வேண்டாம், ஒருவரும் பிந்த வேண்டாம், ஒரே மெயின், ஒரே நொடி. மூன்று மோட்டார், முழுச் சுமையோடு, ஒரே கணத்தில் புறப்பட்டால் எந்தப் பதினைந்து ஆம்பியர் கம்பி தாங்கும்? நோய் மோட்டாரிலும் இல்லை, ஃபியூஸிலும் இல்லை. மூன்று பெண்களின் ஒற்றுமையில் இருந்தது.

அதற்கும் என்னிடம் ஒரு சொற்பொழிவு தயாராக வந்தது. வாயை மூடிக்கொண்டேன். மின்சாரத்துக்கு என்ன வேண்டும் என்பதை மட்டும் சொன்னேன்: ஒன்று ஓடிப் பத்து எண்ணியதும் அடுத்தது, காலிக் கல்லாகப் புறப்பட்டு, சுற்றத் தொடங்கியதும் அரிசி.

பிறகு ஓரகத்தி, சுவரிலிருந்த கருகலைப் பார்த்துக்கொண்டே, வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல் சொன்னார்: “இன்னிக்கு செல்வக்கனி அக்கா கல்லு முதல்ல போகட்டும். நாளைக்கு அடுத்த கல்லு. அதுக்கு மறுநாள் என்னுது. மொற வச்சுக்கிட்டா யாரு கேக்கப்போறா?”

“ஒனக்கு இது அன்னிக்கே தோணிருந்தா எத்தன பீஸு மிஞ்சிருக்கும்,” என்றார் நாத்தனார். செல்வக்கனி அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

பாதி மாவை வாளிகளில் வழித்தெடுத்துக் கல்லைக் காலியாக்கினார்கள். முதல் கல் புறப்பட்டது. அனைவரும் வாய்விட்டுப் பத்து எண்ணினோம். இரண்டாம் கல். மீண்டும் பத்து. மூன்றாவது கல் புறப்படும்போது விளக்கு ஒரு தரம் மங்கி நிமிர்ந்தது. என் கண் ஃபியூஸ் கட்டையை விட்டு அகலவில்லை. ஃபியூஸ் தாங்கியது. இரவு ஒன்பது மணிக்குள் நான்கு வாளி அரிசியும் கல்லுக்குள் போயிற்று. மே மாதப் புழுக்கத்துக்கு மாவு விரைவாகவே பொங்கி, மறுநாள் பன்னிரண்டு பேரும் வழக்கமான நேரத்தில் புறப்பட்டார்கள்.

அரங்கில் என் அணி தோற்றது. நிறைவுப் பேச்சாளர் இல்லாத அணி வெல்வது எப்படி? தலைவர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினார், துணிவுக்கு வாதாட வேண்டியவள் அன்று எந்த அணிக்காக எழுந்து போனாய் என்று கேட்டார்.

பீங்கான் கட்டையும் ஃபியூஸ் கம்பியும் பழங்கதை, இப்போது எல்லா இடத்திலும் தானே விழும் சுவிட்ச் வந்துவிட்டதே என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். போன மாதம் செம்பூரில் ஒரு புத்தம்புதுக் குடியிருப்பில், அடிக்கடி விழுகிறது என்று பதினாறு ஆம்பியர் சுவிட்சைக் கழற்றிவிட்டு முப்பத்திரண்டைப் போட்டு வைத்திருந்தார்கள். பொருள் மாறியிருக்கிறது, கை அதே கைதான். அந்த வீட்டிலும் நான் பேசத் தொடங்குமுன் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். இப்போது என் கை தானாகவே அங்கே போகிறது.

பேச வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேசுங்கள். குறிப்பாக, ‘மிஸ்திரி எப்போ வருவார்?’ என்று கேட்கப்படும் பெண்கள் நிமிர்ந்து நின்று பேசுங்கள். எதிரே நிற்பவருக்கு வாதம் தெரியாததனாலேயே அவரிடம் உண்மை இல்லை என்று மட்டும் முடிவுகட்டாதீர்கள். தடித்த கம்பி வேண்டாம் என்று தயங்கிய செல்வக்கனி அக்காவிடம் காரணம் இல்லை. சரியான விடை அவரிடம்தான் இருந்தது.

இதை எழுதிக்கொண்டிருந்த வாரத்தில் அவரே அழைத்தார்.

“பிள்ள, பீஸு போயிருச்சு,” என்றார். குரலில் கவலை இல்லை. ஒரு நல்ல செய்தி சொல்கிறவரின் குரல். “மெயின அமத்திட்டேன். சுவரத் தொட்டுப் பாத்தேன், சுடல. கம்பியத் தொட்டேன், சுடல. நாத்தனா கல்லத்தான் கையால சுத்திப் பாத்தேன், நகரல. அதான் இழுத்திருக்கு. பீஸ மாத்தல. நீ வரட்டும்னு வச்சிருக்கேன்.”

ஃபியூஸ் போனால் என்ன செய்ய வேண்டும் என்று நான் இந்த மடலில் எழுத எண்ணியிருந்ததை அவர் நான்கு வரியில் சொல்லி முடித்துவிட்டார். நான் நெகிழ்ந்துபோனேன். பேரிங் இறுகியிருக்கலாம் என்றும், அப்படி இறுகினால் மோட்டார் ஏன் மிகுதியாக இழுக்கும் என்றும், அந்த ஃபியூஸ் போனதால் எவ்வளவு பெரிய கேடு தவிர்ந்தது என்றும் உற்சாகமாக விளக்கத் தொடங்கினேன்.

“பேச்சு பெறவு,” என்றார் செல்வக்கனி அக்கா. “வந்து தொட்டுப் பாரு.”

பையை எடுத்துக்கொண்டு போனேன்.